புதுப்புளியும் பழம்புளியும்

தை பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையில் புளி கிடக்கும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று பக்கம் எதுவானாலும் சரி. மரத்தை உலுக்குகிறவர்கள் ஒருபுறம், விழுந்ததைக் கோணியில் அள்ளுகிறவர்கள் ஒருபுறம், வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து ஓடு தட்டுகிற பெண்கள் ஒருபுறம். பங்குனி, சித்திரை வரைக்கும் இந்தச் சத்தம் ஓயாது. வாங்க வருகிற வியாபாரி முதலில் பார்ப்பது நிறத்தை. செம்பழுப்பாகப் பளபளவென்று இருந்தால் நல்ல விலை சொல்வார். கறுத்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார். அதே வியாபாரியின் வீட்டுச் சமையற்கட்டுக்குள் போய்ப் பாருங்கள். அவர் மனைவி ரசத்துக்குக் கரைப்பது போன வருஷத்துக் கறுப்புப் புளியாகத்தான் இருக்கும்.

விற்பதற்குப் புதுசு, கரைப்பதற்குப் பழசு என்பதுதான் என் மாமியாரின் வழக்கமும். அவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மூடிவைத்த ஒரு பொருள் உள்ளுக்குள் என்னவாகிறது என்பதில் எனக்குத் தெரிந்தது பாதி கல்லூரியில் படித்தது. மீதி அவருடைய புளிப்பானையைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வாழ்க்கைக்கு அதிகம் உதவியது இந்த இரண்டாவது பாதிதான் என்று சொல்ல இந்த வயதில் எனக்குத் தயக்கமில்லை.

புளியை ஏன் வருஷக்கணக்கில் வைக்க வேண்டும்? ஆசைக்காக வைப்பதில்லை. புளியமரத்தின் குணம் அப்படி. ஒரு வருஷம் கிளை ஒடியக் காய்த்தால் மறு வருஷம் கையை விரித்துவிடும். நிறைந்த வருஷத்தில் எடுத்துவைத்தால்தான் குறைந்த வருஷத்தில் குழம்பு. கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் வருஷப் புளி பிறந்த வீட்டிலிருந்துதான் போகும். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தின் வரப்பிலும், ஏரிக்கரையிலும், ரோட்டோரத்திலும் நிற்கிற மரம் அது. ரோட்டோர மரங்களின் மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலை நான்கு வழியானபோது அந்த மரங்களில் எத்தனையோ போயின. இருபுறமும் கிளைகள் கைகோத்து நின்ற சாலையில் வெயில் தெரியாமல் பஸ்ஸில் போன தலைமுறை என்னுடையது. சரி, அது வேறு கதை.

வைப்பதற்கு ஒரு முறை உண்டு. பழம் மரத்திலேயே முற்றி, ஓடு சதையை விட்டு விலகி, காதருகே ஆட்டினால் கடகடவென்று சொல்ல வேண்டும். ஓடும் சதையும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது இன்னும் காய்தான். உலுக்கி எடுத்ததை ஓட்டோடு வெயிலில் போட்டு, பிறகு தட்டி உதிர்ப்பார்கள். அடுத்தது நார். காம்பிலிருந்து சதையைச் சுற்றி ஓடுகிற அந்த நரம்புகளை ஒரே இழுப்பில் உருவுவது கைப்பழக்கம், சொல்லிக்கொடுத்து வராது. அதற்கடுத்தது கொட்டை. கட்டையின்மேல் வைத்துச் சின்ன இரும்புத் தடியால் ஒரு தட்டு, கொட்டை தெறித்து விழும். கூலிக்குத் தட்டுகிறவர்களுக்குக் கிலோ கணக்கில்தான் காசு. நாளெல்லாம் புளியோடு கிடக்கிற அந்த விரல்களில் தோல் வெந்து, நகக்கண் கறுத்திருக்கும். பழம்புளியின் அருமையைப் பேசுகிற யாரும் அந்த விரல்களைப் பேசுவதில்லை.

கொட்டையோடு வைத்தால் என்ன என்று புதுமருமகளாக ஒரு தடவை கேட்டேன். மாமியார் பதில் சொல்லாமல் ஒரு பழைய கொட்டையை எடுத்துக் காட்டினார். ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. வண்டு கொட்டைக்குள் முட்டையிட்டு, புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வந்த வழி அது. புளிக்குள் கொட்டையை விட்டுவைப்பதும் வண்டுக்கு வீடு கட்டிக்கொடுப்பதும் ஒன்று. எடுத்த கொட்டையும் வீண் போகாது. மாவாக்கி, நெசவில் பாவுக்குக் கஞ்சி போடப் போகும்.

இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமான கட்டம், பெரும்பாலோர் அவசரப்படுகிற கட்டமும் அதுதான். கொட்டை எடுத்த சதையை மறுபடியும் பாயில் பரப்பி வெயில் காட்ட வேண்டும். எத்தனை வெயில் என்று கணக்கு கிடையாது. மாமியார் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரிப்பார். உள்ளங்கையில் பிசுக்கு ஒட்டினால் இன்னொரு நாள். வறண்டு கட்டையாகவும் விடக்கூடாது. பிடித்த பிடி உருண்டையாக நிற்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும். சாயங்காலம் பனி விழுவதற்குள் அள்ளி உள்ளே வைத்துவிட வேண்டும். மழை மேகம் கண்டால் அந்த வருஷம் பானை கட்டுவதைத் தள்ளிப்போடுவாரே தவிர, அரைகுறையாகக் காய்ந்ததை உள்ளே விடமாட்டார். "காயாத புளியக் கட்டி வெச்சா அது புளி இல்ல கண்ணு, புண்ணு" என்பார். பூஞ்சை பிடித்த புளியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அழகு தெரியும்.

பானையின் அடியில் கல்லுப்பு. அதன்மேல் ஓர் அடுக்குப் புளி. கை முஷ்டியால் அமுக்கி அமுக்கி, இடையில் காற்று நிற்காதபடி இறுக்க வேண்டும். மறுபடியும் உப்பு, மறுபடியும் புளி. மேல்மட்டத்தில் தாராளமாக உப்பைத் தூவி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, மூடியை வைப்பார். தரையில் வைக்கமாட்டார், பிரிமணைமேல்தான், அதுவும் அடுப்புக்கு எட்டாத இருட்டு மூலையில். மண்பானையாக இருந்தால் உப்பு நாளடைவில் வெளியே பூத்துப் பானையை உதிர்த்துவிடும், அதனால் பின்னாளில் பீங்கான் ஜாடிக்கு மாறினோம். பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியம் எதுவும் ஆகாது. புளியின் அமிலம் உலோகத்தைத் தின்னும், தின்றதைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதற்குப் புளியைத் தேடுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எடுக்கும்போதும் ஒழுங்கு உண்டு. ஈரக்கை படக்கூடாது. மாதத்துக்கு வேண்டியதை ஒரே தடவை எடுத்துச் சின்ன ஜாடியில் வைத்துக்கொண்டு, பெரிய பானையை மறுபடி கட்டிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அதைத் தொடவே கூடாது. புளி காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்.

இவ்வளவும் செய்தால் உள்ளே என்ன நடக்கிறது? புளியின் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை டார்டாரிக் அமிலம். சர்க்கரை நூற்றுக்கு 25 முதல் 45 பங்கு வரை போகும். இவ்வளவு புளிப்பும் இவ்வளவு இனிப்பும் ஒரே பழத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம். மாங்காய் பழுத்தால் புளிப்பு போய்விடும். புளியில் அப்படி இல்லை. பழுக்கும்போது சர்க்கரை கூடுகிறதே தவிர, டார்டாரிக் அமிலம் கரைந்து காணாமல் போவதில்லை. அந்த அமிலம்தான் காவல். கிருமிகளை அண்டவிடாது. உப்பும் வறட்சியும் அதற்குத் துணை. காவல் பலமாக இருக்கிற வீட்டுக்குள் சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் மெதுவாக ஒன்றோடொன்று சேர்ந்து பழுப்பாகின்றன. துவர்ப்புப் பொருள்கள் மிச்சமிருக்கும் காற்றோடு சேர்ந்து கறுக்கின்றன. பல்லைக் கூசவைத்த முனை மழுங்கி, வாசனை கனக்கிறது. புளிப்பு போனதாக நாக்கு நினைக்கும். அமிலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முரட்டுத்தனம்தான் போயிருக்கும்.

வியாபாரிகளின் கணக்கு இதற்கு நேர் எதிர். அவர்கள் பணம் கொடுத்துக் குளிர்பதனக் கிடங்கில் புளியை அடுக்குவது அது கறுக்காமல் இருக்க. ஒரே பொருளுக்கு வயதாகக்கூடாது என்று ஒருவர் செலவழிக்கிறார், வயதாக வேண்டும் என்று இன்னொருவர் காத்திருக்கிறார். இரண்டு பேரும் அவரவர் அளவில் சரி.

இந்த டார்டாரிக் அமிலத்துக்கு இன்னொரு பிறந்த வீடு இருக்கிறது: திராட்சை. ஐரோப்பாவில் வைன் பீப்பாய்களின் உட்புறத்தில் உப்புப் பாறைபோல் படிகிற வண்டலிலிருந்துதான் ஸ்வீடன் நாட்டு வேதியியலர் ஷீலே 1769இல் இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1848இல் லூயி பாஸ்டர் அதன் உப்புப் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்து, ஒன்று வலக்கை என்றால் மற்றது இடக்கை என்று காட்டினார். மூலக்கூறுகளின் வடிவம் பற்றிய படிப்பு அங்கேதான் தொடங்கியது. இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கொட்டைப் புளியைத் தூக்கிக் காட்டுவேன். வைனைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள், புளியைப் பார்த்திராத பாஸ்டர். இரண்டு தரப்புக்கும் அறிமுகம் செய்துவைத்த திருப்தி எனக்கு.

அதனால்தான், பெங்களூரில் வேலை பார்க்கிற பேரன் புது வருஷத்துக்கு அலுவலகத்தில் பரிசாகக் கொடுத்த வைன் பாட்டிலை ஊருக்குக் கொண்டுவந்தபோது, மற்றவர்கள் முகம் சுளித்தாலும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தேன். நான் குடிப்பவள் இல்லை. குடிக்கிறவர்களுக்குப் புத்தி சொல்லவும் இந்தக் கட்டுரை எழுதவில்லை. அவன் அதைச் சமையற்கட்டுப் பரணில் நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஆயா, இது வெக்க வெக்க நல்லாவும். என் கல்யாணத்துக்குத் தொறக்கலாம்" என்றான். "அதுக்குள்ள உனக்குக் கல்யாணம் ஆயிடுமா?" என்று கேட்டது என் மருமகள்.

பாட்டிலில் இருந்தது நாசிக் பக்கத்து வெள்ளை வைன். திருகுமூடி போட்டது. அந்த வகை இளமையாக இருக்கும்போதே, பழ வாசனை போவதற்குள் குடிப்பதற்கென்று செய்யப்படுகிறது. உலகத்தில் விற்கிற வைனில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். வாங்கிய ஓரிரு வருஷத்துக்குள் திறக்க வேண்டியது. வைத்தால் நன்றாகும் என்ற பேச்சு சில வகைகளுக்கு மட்டுமே பொருந்தும். தோலோடும் விதையோடும் நொதித்து, துவர்ப்பும் அமிலமும் நிறைய ஏறிய சிவப்பு வைன்கள் அவற்றில் முக்கியமானவை. அவற்றில் வருஷங்கள் போகப் போகத் துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாக அடியில் தங்கும், மேலே நிற்பது மிருதுவாகும். புளிப்பானையில் நடப்பதற்குத் தூரத்துச் சொந்தம்.

அப்படிப்பட்டதையும் பரணில் வைக்க முடியாது. வைனுக்கு வேண்டியது 12, 13 டிகிரி குளிர்ச்சி, அதுவும் ஏறி இறங்காமல். இருட்டு வேண்டும். அசைவு கூடாது. தக்கை மூடியாக இருந்தால் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். தக்கை உள்ளிருக்கும் வைனில் நனைந்து உப்பியிருந்தால்தான் காற்று நுழையாது. நிமிர்த்தி வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும். அறைக் காற்றிலும் நூற்றுக்கு அறுபது எழுபது பங்கு ஈரப்பதம் இருப்பது நல்லது. திருகுமூடிக்கு இந்தப் படுக்கை அவசியமில்லை. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் பரணில் கை வைத்தால் சுடும். கீழே அடுப்பு வேறு. அங்கே ஒரு கோடை இருந்த பாட்டில் பழுக்காது, வேகும். சூட்டில் எல்லாம் வேகமாக நடக்கிறதே, சீக்கிரம் பழுத்துவிடாதா என்று பேரன் கேட்டான். சூடு எல்லாவற்றையும் ஒரே அளவில் விரட்டுவதில்லை. நடக்க வேண்டியதோடு நடக்கக்கூடாததும் சேர்ந்து ஓடும். வாசனை முதலில் பறக்கும்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவின் வைன், பீப்பாய்களில் அடைபட்டு, கப்பல் வயிற்றில் வெப்பமண்டலத்தைக் கடந்து இந்தியப் பக்கம் வந்து திரும்பியபோது முன்னைவிட நன்றாக இருந்ததாகக் கண்டார்கள். பிறகு அதை வேண்டுமென்றே சூட்டில் வைத்தே செய்யத் தொடங்கினார்கள். ஆனால் அது சாராயம் சேர்த்து வலுவேற்றிய வைன், அமிலமும் மிகுதி. வெயிலைத் தாங்குவதற்கென்றே தயாரான சரக்கு. பேரனின் பாட்டில் அந்த ஜாதி இல்லை. "இந்த மாசமே உன் கூட்டாளிங்களோட தொறந்துடு. தொறந்ததை ஃப்ரிட்ஜில வெச்சாலும் நாலஞ்சு நாளைக்கு மேல தாங்காது, காடியாப் போயிடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். வீட்டில் திராட்சையை ஊறவைத்து நாமே செய்தால் என்ன என்றும் கேட்டான். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் அப்படிச் செய்வது குற்றம் என்றதும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

ஆனால் மதுவை முதிரவைப்பது நமக்குப் புதிதல்ல. சங்க நூலான மலைபடுகடாம் செங்கத்து நன்னனைப் பாடிய பாட்டு. அவன் மலைநாட்டில் வழிப்போக்கருக்குக் கிடைக்கும் விருந்தில் மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளும் வருகிறது. பாரியின் பறம்பைப் பற்றிய கபிலரின் புறநானூற்றுப் பாட்டு (120) ஒன்று, மண்ணுக்குள் புதைத்து முதிரவைத்த மதுவைச் சொல்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவையும் அதே தொகை நூல் அறியும். 1945இல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியபோது அப்படி மது வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகளே கிடைத்தன. மூங்கில் குழாய், நிலத்தடி, சாடி எல்லாமே செய்கிற வேலை ஒன்றுதான்: வெளிச்சத்தையும் சூட்டையும் காற்றையும் தள்ளி நிறுத்துவது. பக்குவம் உள்ளிருக்கும் பொருளின் வேலை. பாத்திரத்தால் அதைக் கொடுக்க முடியாது.

எங்கள் மாவட்டத்தின் இன்னொரு செல்வம் ராகி. ஆனால் அது வைக்க வைக்க உயர்கிற ஜாதியில் சேராது. மேட்டு நிலத்தில் குழி வெட்டி, வைக்கோல் கொடுத்து, ராகியைக் கொட்டி, மேலே மண்ணால் மூடிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. சின்ன மணி, கெட்டியான மணி. வண்டு எளிதில் தொடாது. பஞ்ச காலத்தில் குழியைத் திறந்து உயிர் பிழைத்த கதைகள் எங்கள் வீட்டிலேயே உண்டு. திறந்தவுடன் யாரும் உள்ளே இறங்கமாட்டார்கள். மூச்சுக்காற்று தீர்ந்து கெட்ட காற்று நிறைந்திருக்கும். விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாமல் நின்றால்தான் ஆள் இறங்குவான். 2023இல் தருமபுரிக்கும் நீலகிரிக்கும் ரேஷனில் ராகி கொடுக்க ஆரம்பித்தபோது கிழவிகள் எல்லாரும் ஏதோ உறவுக்காரர் திரும்பி வந்ததுபோல் பேசினார்கள். ஆனால் குழியிலிருந்து எடுத்த ராகி, போட்ட ராகியைவிட உசத்தி என்று யாரும் சொன்னதில்லை. அது காத்துக் கிடக்கும், அவ்வளவுதான். அரிசி அப்படி இல்லை. புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரியாக வரும், அதற்கு வயது நல்லது செய்கிறது. கடலை எண்ணெயை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் காறும். அதற்கு வயது பகை.

இதைத் தெரிந்துகொண்டு மனிதர்களைப் பார்த்தால் பல விஷயம் விளங்குகிறது. நம் ஊரில் எந்தச் சண்டைக்கும் பெரியவர்கள் சொல்கிற மருந்து ஒன்றுதான்: கொஞ்ச நாள் போகட்டும், ஆறிவிடும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. பக்கத்து ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பன் போன பிறகு நிலத்தை அளந்து பிரித்துக்கொண்டார்கள். வரப்பில் நின்ற புளியமரங்கள் யாருக்கு என்று மட்டும் பேசவில்லை. பேசினால் மனஸ்தாபம் வரும், காலம் பார்த்துக்கொள்ளும் என்று பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்களும் எழுந்துவிட்டார்கள். காய்க்காத வருஷங்களில் சிரித்துப் பேசினார்கள். காய்த்த வருஷத்தில் குத்தகைக்காரன் யாரிடம் பணம் கொடுப்பது என்று கேட்டான். அதோடு சரி. அவர்கள் பிள்ளைகள் இப்போது கோர்ட்டுக்கு அலைகிறார்கள். மரங்கள் வெட்டவும் ஆளில்லாமல் உலுக்கவும் ஆளில்லாமல் நிற்கின்றன.

என் மாமியாருக்கும் அவருடைய ஓரகத்திக்கும் ஒரு ஆட்டுக்கல் விஷயமாகச் சண்டை வந்தது. சின்ன விஷயம்தான். ஆனால் உள்ளே கொட்டை இருந்தது: பழைய நகைக் கணக்கு, யாருடைய பிரசவத்துக்கு யார் வந்து நிற்கவில்லை என்ற குறை. மாமியார் அதை மூடவில்லை. நடு வாசலில் உட்கார்ந்து, ஊர் கேட்க, இரண்டு பேரும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். அழுகை, ஏச்சு எல்லாம் ஆனது. பார்த்துக்கொண்டிருந்த புதுமருமகளான எனக்கு அவமானமாக இருந்தது. சாயங்காலம் ஆட்டுக்கல் ஓரகத்தி வீட்டுக்குப் போனது, நகைக் கணக்கு நேரானது, களி கிண்டிச் சேர்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வருஷங்கள் போகப் போக அந்த இருவருக்குள்ளும் வந்த நெருக்கத்தைக் கூடப்பிறந்தவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை. மாமியாரின் கடைசிக் காலத்தில் வாயில் கஞ்சி ஊட்டியவர் அந்த ஓரகத்திதான்.

அண்ணன் தம்பிக்கும் இவர்களுக்கும் கிடைத்த காலம் ஏறக்குறைய ஒன்று. இரண்டு பக்கமும் வாயைக் கட்டித்தான் வைத்தார்கள். இவர்கள் ஓடும் நாரும் கொட்டையும் எடுத்து, வெயில் காட்டிக் கட்டினார்கள். காலம் தன் வேலையைச் செய்ய அது போதுமானதாக இருந்தது. ஈரத்தோடு கட்டியவர்களுக்கும் காலம் தன் வேலையைத்தான் செய்தது.

புருஷன் பெண்டாட்டிக்கும் இதையே சொல்வேன். கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் புளிப்பு அதிகம். அது குறையல்ல, அந்தப் புளிப்புதான் பின்னால் காவல். புளிப்பே இல்லாத, எதற்கும் தலையாட்டுகிற ஜோடிகளைப் பார்த்துப் பெற்றவர்கள் பூரிக்கிறார்கள். எனக்கு அவர்களை நினைத்தால்தான் கவலை. பேச வேண்டியதைப் பேசிவிட்டு, பிறகு கிளறாமல் விடத் தெரிந்தவர்களுக்கு இருபது வருஷத்தில் முனை தானாக மழுங்கும். மாதா மாதம் ஈரக்கையோடு பானையைத் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு. பழைய கணக்கைத் தோண்டுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் புளி எந்த வருஷமும் பழம்புளி ஆகாது.

எல்லாவற்றையும் எடுத்துவைக்க நினைப்பதும் ஒரு நோய். எங்கள் உறவில் ஒரு பெண், கல்யாணப் பட்டை நல்ல நாளுக்கு என்று பெட்டியிலேயே மடித்து வைத்திருந்தார். மகள் கல்யாணத்துக்குப் பிரித்தபோது மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. பட்டு உடுத்தி, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மாற்றி வைத்தால் நிற்கும். அடைத்துவைத்தால் ஜரிகை அறுக்கும். பெற்றோரிடம் சொல்ல வேண்டிய பிரியமான வார்த்தை, பிள்ளையைப் பாராட்ட வேண்டிய பாராட்டு இவையெல்லாம் வைக்க வைக்கக் கூடுகிற சரக்கு இல்லை. அந்தந்த நாளில் கொடுக்க வேண்டியவை. பள்ளியில் ஒரு பையனைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் பாராட்டலாம் என்று வைத்திருந்தால், அவன் அதற்குள் படிப்பை விட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விடுவான். எத்தனை ஆசிரியர்களுக்கு இது நடந்திருக்கிறது.

எடுத்துவைக்காமல் கொடுப்பதில் எங்கள் மண்ணுக்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் கோட்டை இருந்த ஊருக்கு இன்றும் அதியமான்கோட்டை என்றுதான் பெயர். நீண்ட ஆயுளைத் தருகிற நெல்லிக்கனி கிடைத்தபோது, தான் தின்னாமல், அதன் சக்தியையும் சொல்லாமல், ஔவைக்குக் கொடுத்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் இறந்தபோது ஔவை பாடிய பாட்டு (புறநானூறு 235) அவனுடைய போர்களிலிருந்து தொடங்கவில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களோடு சேர்ந்து உண்பான் என்பதைத்தான் முதலில் நினைக்கிறது. ஆயுளைக் கூட்டும் கனியையே எடுத்துவைக்காத மனிதன் அவன். அவனை இரண்டாயிரம் வருஷமாக மறக்காமல் வைத்திருக்கிறோம்.

எடுத்துவைத்ததற்கும் திறக்கிற நாள் ஒன்று உண்டு. பழம்புளியும் முடிவில்லாமல் உயர்ந்துகொண்டே போவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு கறுப்பு கசப்பாகும், வாசனை அடங்கும், கட்டியாகித் தண்ணீரில் கரையவும் மறுக்கும். எங்கள் வீட்டுக் கணக்கு: முதல் மழைக்காலம் தாண்டிய பிறகு தொடங்கி, மூன்றாம் வருஷம் முடிவதற்குள் பானை காலியாக வேண்டும். வைனிலும் இதே கதைதான். ஏறுமுகம், ஒரு சமவெளி, பிறகு இறக்கம். விலை உயர்ந்த பாட்டில்களை வாங்கி வாங்கி அடுக்கி, ஒன்றையும் திறக்க மனம் வராமல் போனவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். வாரிசுகள் திறக்கும்போது உள்ளே காடி.

இந்தத் தையில் புளி எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டை எடுத்த புளியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் பானையில் போடாதீர்கள். போட்ட பிறகு, எந்த வருஷத்துப் புளி என்று ஒரு சீட்டில் எழுதிப் பானைக் கழுத்தில் கட்டுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். எழுதாத பானையை உங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் திறக்கவும் மாட்டார்கள், கொட்டவும் மாட்டார்கள்.